மாட்டு வண்டியில் வந்த மோட்டார் சைக்கிள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் நான் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தேன்.

"என்ன ஆன்ட்டி, கம்மல் விழுந்துடுச்சா?"

கீழ் ஃப்ளாட் பையன். ஐ.டி. வேலை. திருநின்றவூரிலிருந்து தினமும் ரயிலில் தொங்கிக்கொண்டு போனவன், இந்த மாதம் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கியிருக்கிறான். வெளிநாட்டு வண்டி. நாங்கள் இந்த ஃப்ளாட்டை வாங்கிய விலையைவிட அதன் விலை அதிகமாம். சொன்னது அவன் அம்மா. பெருமையாகச் சொன்னாளா, புலம்பலாகச் சொன்னாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டும்தான் இருக்கும்.

"கம்மல் இல்லப்பா. உன் வண்டிக்கு அடியில எண்ணெய் ஒழுகியிருக்கான்னு பார்த்தேன்."

"எண்ணெயா? அது ஏன் ஒழுகணும்?"

ஏன் ஒழுகணும்! இந்தக் கேள்வியை எழுபதுகளில் யாராவது என்னிடம் கேட்டிருந்தால், உட்கார வைத்து டிபன் கொடுத்திருப்பேன். அப்போது அப்படிக் கேட்பார் யாருமில்லை. மாடு என்றால் சாணி போடும், மோட்டார் சைக்கிள் என்றால் எண்ணெய் ஒழுகும். அவ்வளவுதான். வண்டி நிறுத்துகிற இடத்தில் அதற்கென்று ஒரு பழைய தட்டு வைத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் பிஸ்கட் டின் மூடி.

ஆனால் எங்கள் வீட்டில் மட்டும் அந்த எண்ணெய் சாதாரண எண்ணெய் இல்லை. அது எங்கள் வயிற்றில் அடித்துக்கொண்டிருந்த எண்ணெய்.

சொல்கிறேன்.

என் கணவர் தணிகாசலம் மெக்கானிகல் டிப்ளமா. கல்யாணமான புதிதில், இருந்த வேலையை விட்டுவிட்டு, கும்மிடிப்பூண்டியில் கல்கத்தா ரோட்டை ஒட்டி ஒரு ஷெட் போட்டார். இன்று அந்தப் பக்கம் போனால் திரும்பிய இடமெல்லாம் புகைபோக்கி. அன்றைக்கு எங்கள் ஷெட்டைச் சுற்றி நெல் வயல், தூரத்தில் ரயில் ஸ்டேஷன், நடுநடுவே லாரி போகிற சத்தம். அவ்வளவுதான்.

ஷெட்டில் என்ன செய்தோம்? பேக்கிங் வெட்டினோம். இன்ஜினில் ஒரு மூடியும் உடம்பும் சேருகிற இடத்தில், உள்ளே இருக்கிற எண்ணெய் வெளியே வராமல் இருக்க, நடுவில் ஒரு கனத்த காகிதம் வைப்பார்கள். மூடியின் ஓரம் எப்படி வளைகிறதோ அப்படியே வளைந்து, ஸ்க்ரூவுக்கு ஓட்டையும் போட்டிருக்கும். அதற்குத்தான் பேக்கிங் என்று பெயர். ஒரு கைப் பிரஸ், சில அச்சுகள், நான். ஆமாம், நான்தான் புரொடக்‌ஷன். பேப்பர் வாங்குவது, டெலிவரி, பேங்க், சண்டை போடுவது... இதெல்லாம் அவர்.

எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு கஸ்டமர். அம்பத்தூர் தாண்டி இருந்த ஒரு மோட்டார் சைக்கிள் கம்பெனி. பெயர் வேண்டாமே. இப்போது கம்பெனியும் இல்லை, அந்த இடத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது. எங்கள் வீட்டு வண்டியும் அவர்கள் செய்ததுதான். அது ஒழுகியது. அவர்கள் செய்த எல்லா வண்டியும் ஒழுகியது.

வாங்கினவர்கள் புகார் செய்தார்கள். கம்பெனியின் இன்ஸ்பெக்‌ஷன் ஆபீஸர் சேஷாத்ரி சார் என் கணவரைக் கூப்பிட்டு அனுப்பினார். "பேக்கிங் சரியில்ல மிஸ்டர் தணிகாசலம். இன்னொரு லாட் ஒழுகினா, நாங்க வேற ஆளைப் பார்த்துக்க வேண்டியிருக்கும்."

வேறு ஆளைப் பார்த்துக்கொண்டால் நாங்கள் எதைப் பார்ப்பது? நெல் வயலையா?

என்னென்ன செய்தோம் தெரியுமா... பேப்பரை மாற்றினோம். கனமாக வெட்டினோம், மெல்லிசாக வெட்டினோம். வார்னிஷ் தடவிக் காய வைத்தோம். எண்ணெயில் ஊறப் போட்டோம். எங்கள் வண்டியில்தான் ஒவ்வொன்றையும் மாட்டிப் பார்ப்பது. மறுநாள் காலை அவர் கதவைத் திறந்து முதலில் பார்ப்பது பிஸ்கட் டின் மூடியைத்தான். அதில் கறுப்பாகப் பளபளவென்று எண்ணெய் நிற்கும். வீட்டில் யாருக்கோ ஜுரம் என்பது போல் முகத்தை வைத்துக்கொண்டு காப்பி குடிப்பார்.

இந்த நிலைமையில்தான் அந்த மாட்டு வண்டி வந்தது.

அறுப்பு முடிந்த சமயம். பகல் வேளை. கல்கத்தா ரோட்டிலிருந்து எங்கள் ஷெட் பக்கம் திரும்பிய வண்டியில் வைக்கோல் பாரம். வைக்கோலின் மேல் ஒரு ஜமுக்காளம் எதையோ மூடியிருந்தது. ஓட்டி வந்த பெரியவர் இறங்கித் துண்டை உதறினார்.

"இன்னாம்மா, மோட்டார் சைக்கிள் ரிப்பேரு இங்கதான?"

"இல்லீங்க. நாங்க பேக்கிங் வெட்டறவங்க. ரிப்பேர் பண்றதில்ல."

"போர்டுல மோட்டார் சைக்கிள் படம் போட்டுகிறீங்களே?"

படம் போடச் சொன்னது நான்தான். வேறு என்ன போடுவது? பேக்கிங்கைப் படமாகப் போட்டால் முறுக்கு வியாபாரம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

பெரியவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஜமுக்காளத்தை இழுத்தார்.

வைக்கோலுக்கு நடுவில் ஒரு மோட்டார் சைக்கிள் படுத்திருந்தது. ஜப்பான் வண்டி. பச்சையும் நீலமுமாக மினுக்குகிற பெட்ரோல் டேங்க். அதற்குக் கீழே வரிசையாக நாலு சிலிண்டர். பின்னால் நாலு சைலன்சர். நாலு! நாங்கள் அறிந்த வண்டிக்கெல்லாம் ஒன்றுதான்.

சத்தம் கேட்டு வெளியே வந்த என் கணவர் அப்படியே நின்றுவிட்டார். பெண் பார்க்க வந்த அன்று என்னைக்கூட அவர் அப்படிப் பார்க்கவில்லை.

பெரியவர் பெயர் முனிரத்தினம். ஆரம்பாக்கத்தில் நெல் பயிர் வைக்கிறவர். ஒரே பிள்ளை வேலு, கப்பலில் இன்ஜின் ரூமில் வேலை. போன லீவுக்கு வந்தபோது கப்பலிலேயே இந்த வண்டியை ஏற்றிக்கொண்டு வந்து, கஸ்டம்ஸ் கட்டி, கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு, மறுபடியும் கப்பல் ஏறிவிட்டான்.

"வாரத்துக்கு ஒரு தபா பட்டனை அமுக்கி கத்த வுடு நைனான்னு சொல்ட்டுப் போனான். நானும் அமுக்கினுதான் இருந்தேன். கத்தினுதான் இருந்துச்சி. இப்ப கொஞ்ச நாளா கத்த மாட்டேங்குது. இந்த வாரம் புள்ள வரான் சார்... ஒரே பேஜாரா பூட்ச்சி. வண்டிய நான்தான் கெடுத்துட்டேன்னு சொல்லுவான்."

பட்டனை அமுக்கினால் கிளம்புகிற மோட்டார் சைக்கிள்! என் கணவர் அந்தப் பட்டனைத் தடவிப் பார்த்தார். நம் ஊரில் கிக்கரை உதைத்து உதைத்து முழங்கால் வீங்கிய காலம் அது.

"வண்டிய எங்க நிறுத்தி வெச்சிருந்தீங்க?" என்று கேட்டார்.

"நெல்லு மூட்டை அடுக்கற ரூம்புலதான். வெயில், மழை ஒண்ணும் படக்கூடாது பாரு."

ரிப்பேர் செய்வதில்லை என்று நான் சொன்னது காற்றோடு போயிற்று. நாலு பேரைக் கூப்பிட்டு வண்டியை இறக்கியாகிவிட்டது. என் கணவர் சீட்டைத் தூக்கினார். அடியில் இருந்த காற்று வடிகட்டிப் பெட்டியைத் திறந்தார்.

சொரசொரவென்று நெல் கொட்டியது.

வைக்கோல் கூடு, கந்தல் துணி, அதற்குள் நிறைய நெல். எலி! மூட்டையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து, ஜப்பான் வண்டிக்குள் களஞ்சியம் கட்டியிருக்கிறது. காற்று போக வழி இல்லாமல் வண்டி எப்படிக் கிளம்பும்? கிளம்பாத வண்டியின் பட்டனை அமுக்கி அமுக்கி பேட்டரியும் செத்துவிட்டது.

முனிரத்தினம் நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்தார். "த்தூ... என் ஊட்டு நெல்லு! எங்கிட்டயே திருடி என் புள்ள வண்டியில வெச்சிகிது பாரு!" திட்டத் தொடங்கியவர் சிரித்துவிட்டார். எங்களுக்கும் அடக்க முடியவில்லை.

பேட்டரியை ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் சார்ஜுக்குக் கொடுத்தோம். மறுநாள் காலை முனிரத்தினம் வந்தார். பட்டனை அவரையே அமுக்கச் சொன்னார் என் கணவர்.

கிளம்பியது. எங்கள் வண்டி போல் தட்டித் தட்டி இல்லை. ரயில் வருவதற்கு முன்னால் தண்டவாளத்தில் கையை வைத்தால் ஒரு நடுக்கம் தெரியுமே, அந்த மாதிரி ஒரு சத்தம். பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். வண்டி சரியாகிவிட்டது. பெரியவர் மாட்டைப் பூட்டிக்கொண்டு போக வேண்டியதுதான்.

ஆனால் என் கணவர் தரையில் மண்டியிட்டுக்கொண்டிருந்தார். ராத்திரி முழுக்க அந்த வண்டி எங்கள் சிமென்ட் தரையில் நின்றிருந்தது. அடியில் ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. விரலால் தடவிப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டார். நானும் தடவிப் பார்த்தேன். தூசிதான் ஒட்டியது.

"வசந்தா... இதுல என்ன பேக்கிங் போட்டிருப்பான்?"

அதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் மண்டையைக் குடைந்தது. ஜப்பான்காரனிடம் ஏதோ ஒரு பேப்பர் இருக்கிறது. ரப்பரோ, ஏதாவது மருந்தில் தோய்த்ததோ... அது என்ன என்று தெரிந்துவிட்டால் போதும். எங்கள் ஆர்டர் பிழைத்துவிடும்.

அவர் பெரியவரிடம் எதையும் மறைக்கவில்லை. அப்படியே சொன்னார். "வண்டி ரெடி. நீங்க எடுத்துனு போலாம். ஆனா எனக்கு ஒரு ஆசை. சைடுல இருக்கிற மூடிய மட்டும் ஒரு தடவ கழட்டிப் பார்த்துட்டு மாட்டித் தந்துடறேன். வேணாம்னா வேணாம்."

முனிரத்தினம் வண்டியின் டேங்கைத் தட்டினார்.

"காணி நெலம் வாங்குடான்னேன். இத்த வாங்கினு வந்தான். ஏன்டான்னா சிரிக்கிறான். அப்டி இன்னாதான் இதும் வயித்துல கீதுன்னு நானும் பாக்கறேன். தொற சார்!"

துண்டை விரித்துப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

எண்ணெயை வடித்துச் சுத்தமான பாத்திரத்தில் பிடித்துக்கொண்டோம். ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக எடுத்தார். மூடி லேசில் வரவில்லை. மரச் சுத்தியால் மெல்லத் தட்டினார். 'சடக்' என்று வந்தது. உள்ளே வட்ட வட்டமான கிளட்ச் தட்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாக.

"இட்லித் தட்டு!" என்றார் முனிரத்தினம். "இதுக்கா அம்மாந்தூரம் போனான்?"

நான் பார்த்தது பேக்கிங்கை. மூடியில் பாதி, இன்ஜினில் பாதி என்று கிழிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மோந்து பார்த்தேன். கிழித்துப் பார்த்தேன்.

பேப்பர்.

வெறும் பேப்பர். நான் தினமும் வெட்டுகிற அதே மாதிரிப் பேப்பர். ரப்பரும் இல்லை, மருந்தும் இல்லை. எனக்கு அழுகை வராத குறை. இவ்வளவுதானா? அப்படியானால் ஜப்பானில் மட்டும் எண்ணெய் ஏன் வெளியே வர மாட்டேன் என்கிறது?

என் கணவர் ஷெட்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டுக்குள் போனார். சுவரில் மாட்டியிருந்த எங்கள் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்தார். தரையில் மல்லாக்க வைத்து, ஜப்பான் மூடியின் ஓரத்தைச் சுத்தமாகத் துடைத்து, அதன் மேல் கவிழ்த்தார். ஒரு மெல்லிய பேப்பர் துண்டை ஓரத்தில் நுழைத்துப் பார்க்கச் சொன்னார். சுற்றிச் சுற்றி முயற்சி செய்தேன். எங்குமே நுழையவில்லை.

அப்புறம் எங்கள் வண்டியின் மூடியைக் கழற்றினார். அதைக் கண்ணாடி மேல் கவிழ்த்து ஒரு விரலால் அமுக்கினார்.

டக்.

மறுபக்கம் அமுக்கினார். டக்.

கால் சரியில்லாத நாற்காலி மாதிரி ஆடியது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். குறை காகிதத்தில் இல்லை! இன்ஜினோடு சேருகிற மூடியின் முகமே மட்டமில்லை. அதற்கு நடுவில் பட்டுப்புடவையை மடித்து வைத்தாலும் ஒழுகத்தான் செய்யும்.

சந்தோஷப்பட வேண்டும் இல்லையா? அதற்குள் வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. தோளில் பை, காலில் ஷூ... ஒரு இளைஞன் குதித்து ஓடி வந்தான். முனிரத்தினம் எழுந்து நின்றுவிட்டார்.

"நைனா! இன்னா இது?"

வேலு. ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டான். வீட்டுக்குப் போய், வண்டி மாட்டு வண்டியில் போன கதையை அம்மா சொல்லக் கேட்டு, எளாவூர் பக்கமிருந்து வந்த லாரியில் ஏறி வந்திருக்கிறான். வந்தவன் கண்ணில் பட்டது என்ன? அவன் வண்டி வயிறு திறந்து கிடக்கிறது. மூடி ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியின் மேல் கவிழ்ந்து கிடக்கிறது.

"யாரு தொறக்கச் சொன்னது?" குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நான்தான்டா சொன்னேன்" என்றார் பெரியவர்.

"பேக்கிங் கிழிஞ்சிகீதே! இது இங்க எங்கயும் கெடைக்காது. ஜப்பான்லர்ந்து வரணும். அது வர்றதுக்குள்ள என் லீவே முடிஞ்சிடும்! கப்பல்ல ஒவ்வொரு நாளும் இந்த வண்டியத்தான நெனச்சினு இருந்தேன்..."

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு என்ன தைரியம் வந்ததோ தெரியவில்லை. "தம்பி, பேக்கிங் நான் வெட்டித் தரேன்" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். எங்கள் ஷெட்டைப் பார்த்தான். கைப் பிரஸ்ஸைப் பார்த்தான். என்ன நினைத்தான் என்று சொல்லவே வேண்டாம்.

"ஒழுகிச்சின்னா?"

"ஒழுகாது."

சொல்லிவிட்டேன். இந்த மூடிக்கு என்னிடம் அச்சு கிடையாது. கையால்தான் வெட்ட வேண்டும். ஒரு பேப்பரை எடுத்து மூடியின் மேல் வைத்து, சின்னச் சுத்தியின் உருண்டை முனையால் ஓரத்தைப் பிடித்தே தட்டிக்கொண்டு போனால், மூடியின் விளிம்பே பேப்பரை வெட்டிவிடும். ஓங்கித் தட்டினால் மூடி கெடும். கை விலகினால் பேப்பர் கிழியும்.

நான் தட்டத் தொடங்கியதும் வேலு எதிரில் வந்து உட்கார்ந்தான். முதலில் காவல் காக்கத்தான் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் கையை நீட்டி மூடி அசையாமல் பிடித்துக்கொண்டான். அவனும் மெஷின்காரன்தானே.

"எங்க நைனா கேட்டுகினே இருக்காருக்கா, ஏன்டா இத்த வாங்கினேன்னு" என்று மெதுவாக ஆரம்பித்தான். "கப்பல்ல நாங்க அடியில இருப்போம். மெஷின் சூடு, மெஷின் சத்தம். வெளிய கடல் கீதுன்றதே மறந்து பூடும். கடல்லயே இருந்துகினு காத்துக்கு ஏங்கினேன்னு சொன்னா நைனா நம்புவாரா? ரோட்டுல இந்த வண்டிய வுட்டா மூஞ்சில அடிக்குது பாரு காத்து... அதுக்குத்தான்."

முனிரத்தினம் காதில் அது விழுந்தது. விழாத மாதிரி மாட்டுக்கு வைக்கோல் போடப் போய்விட்டார்.

பேக்கிங் முடிந்தது. மூடியை வேலுவே மாட்டினான். வடித்து வைத்த எண்ணெயைத் துணியில் வடிகட்டி ஊற்றினோம். பட்டனை அமுக்கினான். ஏறி உட்கார்ந்தான். எளாவூர் செக்போஸ்ட் வரைக்கும் போய்த் திரும்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பறந்தான்.

நாங்கள் மூன்று பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். லாரி வந்தது, பஸ் வந்தது, மறுபடியும் லாரி. என் கணவர் நகத்தைக் கடித்தார். திடீரென்று அந்த நடுக்கம் காதுக்கு எட்டியது. வந்து நிறுத்தினான். அவன் தலைமுடியெல்லாம் மேலே நின்றது. முகத்தில் வந்தபோது இருந்த கோபம் இல்லை.

நான் ஒரு வெள்ளைத் துண்டை இன்ஜினுக்கு அடியில் விரித்தேன். எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். டீ வந்தது, குடித்தோம். மறுபடியும் பார்த்தோம்.

துண்டு வெள்ளையாகவே இருந்தது.

"அக்கா," என்றான் வேலு, "ஜப்பான்காரன் தோத்தான்!"

தோற்கவில்லை. அவன் மூடியின் முகத்தை மட்டமாகச் செய்திருந்தான், அதனால் என் காகிதம் ஜெயித்தது. இதைத்தான் கம்பெனியில் சொல்ல வேண்டும். வாயால் சொன்னால் கேட்பார்களா? வேலுவிடம் விஷயத்தைச் சொன்னோம். அவன் யோசிக்கவே இல்லை. "நாளைக்கே போலாம்ணா."

மறுநாள் முன்னால் ஜப்பான் வண்டி, அதன் பின்சீட்டில் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு முனிரத்தினம். பின்னால், புதுப் பேக்கிங் வைத்து மூடியை மாட்டிய எங்கள் வண்டி, நானும் அவரும். நல்ல நாளிலேயே அது இழுக்காது. அன்று ஜப்பான் வண்டியைப் பிடிக்க வேண்டும் என்று அவர் முறுக்கிய முறுக்கில் என் பல்லெல்லாம் ஆடியது. வேலு ஒவ்வொரு ஊரிலும் நின்று நின்று எங்களைக் கூட்டிக்கொண்டு போனான்.

கம்பெனி வாசலில் கூட்டம் கூடிவிட்டது. மோட்டார் சைக்கிள் செய்கிறவர்கள் ஒரு மோட்டார் சைக்கிளை அப்படி மொய்த்து நான் பார்த்ததில்லை. ஒருவர் டேப் எடுத்து அளந்தார். இன்னொருவர் "ஒரு மணி நேரம் உள்ள எடுத்துட்டுப் போய்ப் பார்த்துட்டுத் தரட்டுமா?" என்று கேட்டார். "கைய வெச்சா ஒடச்சிடுவேன்" என்றான் வேலு. நாங்கள் கை வைத்ததே போதும் என்று நினைத்திருப்பான்.

சேஷாத்ரி சார் இறங்கி வந்தார். இரண்டு வண்டியும் சிமென்ட் தரையில் பக்கத்தில் பக்கத்தில். என் கணவர் என்னை முன்னால் தள்ளினார். அதனால் நான் பேசினேன்.

"சார், ரெண்டுலயும் நான் வெட்டின பேக்கிங்தான். ஒரே பேப்பர். கொஞ்ச நேரம் கழிச்சு அடியில பாருங்க சார்."

பார்த்தார். எங்கள் வண்டிக்குக் கீழே ஒரு சொட்டு. அதன் மேல் இன்னொரு சொட்டு. ஜப்பான் வண்டிக்குக் கீழே ஒன்றுமில்லை. அவர் பேன்ட்டைத் தூக்கிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு எங்களை மட்டும் உள்ளே அழைத்துக்கொண்டு போய், டீ சொல்லி, கதவைச் சாத்தினார்.

"தெரியும்மா" என்றார்.

"என்ன சார் தெரியும்?"

"மூடி மட்டமில்லன்னு தெரியும். அதைச் சீவற மெஷின் அரதப்பழசு. புதுசு இறக்குமதி பண்ண டெல்லிக்கு மனு போட்டு, லைசென்ஸ் வரும் வரும்னு காத்துக்கிட்டிருக்கோம். அது வர்ற வரைக்கும் மெஷினைக் குறை சொல்ல முடியாது. பின்ன யாரையாவது சொல்லணுமே..."

அவர் கெட்ட மனிதர் இல்லை. சொல்லும்போது எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

"அப்ப குறை எங்க மேல இல்லன்னு ஒரு வரி எழுதித் தாங்க சார்" என்றேன்.

"ஆர்டர் நிக்காது, அதுக்கு நான் பொறுப்பு. இன்னும் கொஞ்சம் கனமா வெட்டிக் குடுங்க, நாங்க இங்க கோந்து தடவிச் சமாளிக்கிறோம். எழுத்துல மட்டும் கேக்காதீங்கம்மா."

வெளியே வந்ததும் என் கணவர் பெருமூச்சு விட்டார். ஆர்டர் பிழைத்தது, போதும் என்றார். எனக்குப் போதவில்லை. நிம்மதியும் இருந்தது, கோபமும் இருந்தது. எது அதிகம் என்று இன்றைக்கும் நிறுத்துப் பார்க்க முடியவில்லை.

ஒன்று மட்டும் அன்று கற்றுக்கொண்டேன். அப்புறம் ஆபீஸ், குடும்பம், கல்யாண வீடு என்று பல இடங்களில் அதைப் பார்த்தும் விட்டேன். பெரிய இடத்தில் ஒரு கோணல் இருக்கும். எல்லோருக்கும் அது தெரியும். யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அந்தப் பழி கைமாறிக் கைமாறி, கடைசியில் இருப்பதிலேயே மெல்லிசான காகிதம் எதுவோ, அதன் தலையில் வந்து உட்காரும். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு காகிதம் இருக்கும். யாரென்று கொஞ்சம் யோசித்துப் பாருங்களேன்.

லீவு முழுக்க வேலு வண்டியை ஓட்டினான். பல நாள் சாயங்காலம் கல்கத்தா ரோட்டில் அந்த நடுக்கம் கேட்கும். நான் எட்டிப் பார்ப்பதற்குள் அப்பாவும் பிள்ளையும் கடந்து போயிருப்பார்கள். பெரியவரின் துண்டு மட்டும் காற்றில் பறப்பது தெரியும்.

கப்பல் ஏறுவதற்கு முந்தின நாள் அவன் எங்கள் ஷெட்டுக்கு வந்தான். ஆரம்பாக்கத்திலிருந்து ஒரு மூட்டை நெல், அம்மா கொடுத்து அனுப்பியது என்றான். எலி பார்க்காத மூட்டையாம். டீ குடித்தான். போகிற மாதிரி எழுந்தான், போகவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"அக்கா... இன்னொரு பேக்கிங்கு வெட்டித் தருவியா?"

"ஏன் தம்பி, வண்டி ஒழுகுதா?"

"வண்டி ஜம்முனு கீதுக்கா." பாக்கெட்டிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தான். பெரிதாக ஒரு வட்டம், சுற்றிலும் ஓட்டைகள். "கப்பல்ல ஒரு பம்ப்பு கீது. எவ்ளோ டைட் வெச்சாலும் ஒழுகினே கீது."

"எந்த நாட்டுக் கப்பல் அது?"

வேலு வாசலைப் பார்த்தான். நின்றுகொண்டிருந்த தன் வண்டியைப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"அதுவும் ஜப்பான்ல கட்டினதுதாங்க்கா."